முதுகெலும்பில் தொடங்கும் மூச்சிரைப்பு

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுத்தால் நெஞ்சை அழுத்துகிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இப்படி ஒருவர் சொன்னால் நுரையீரலையும் இதயத்தையும்தான் முதலில் பார்ப்பார்கள். அதுதான் சரியான வரிசையும்கூட. ஆஸ்துமா, சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ரத்தசோகை, இதயச் செயலிழப்பு போன்றவைதான் மூச்சிரைப்புக்கு அடிக்கடி காரணமாகின்றன.

ஆனால் சிலருக்கு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருக்கும். எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயம் சரியாக இருக்கும். இன்ஹேலரை மாதக்கணக்கில் இழுத்திருப்பார்கள். மூச்சு வாங்குவது மட்டும் நிற்காது. அப்படிப்பட்டவர்களிடம் "டென்ஷனாக இருக்கும்", "எடையைக் குறையுங்கள்", "வயதாகிவிட்டது இல்லையா" என்று சொல்லி அனுப்புவது நடக்கிறது. அவர்களில் ஒரு சிலருக்குக் கோளாறு முதுகெலும்பில் இருக்கும். நெஞ்சைப் பலமுறை பரிசோதித்திருப்பார்கள். சட்டையைக் கழற்றி முதுகை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

முதுகு எப்படி மூச்சு விடுகிறது?

நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் கிடையாது. நெஞ்சுக்கூடு விரியும்போது அதோடு சேர்ந்து விரிகிறது, கூடு சுருங்கும்போது சுருங்குகிறது. துருத்தியை நினைத்துக்கொள்ளலாம். தோல்பை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை விரித்து மூடும் சட்டம் வளைந்தோ இறுகியோ போனால் காற்று சரியாக வராது.

நம் உடலில் அந்தச் சட்டத்தின் பின்தூண் முதுகெலும்பு. மார்புப் பகுதியில் 12 முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து 12 ஜோடி விலா எலும்புகள் புறப்பட்டு முன்னோக்கி வளைகின்றன. ஒவ்வொரு விலாவும் முதுகெலும்போடு சிறுசிறு மூட்டுகளால் இணைந்திருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இந்த மூட்டுகள் லேசாகச் சுழல, மேல் விலாக்கள் முன்புறமாக உயர்கின்றன, கீழ் விலாக்கள் பக்கவாட்டில் அகல்கின்றன. முழங்காலும் தோளும் மூட்டுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும் இந்த விலா மூட்டுகளை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

கூட்டின் அடித்தளம் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் குடை வடிவத் தசை இது. அமைதியாக இருக்கும்போது மூச்சிழுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது இதுதான். தசை இருப்பது நெஞ்சின் அடியில் என்றாலும் அதை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகும் பிரெனிக் நரம்பு, நெஞ்சு வழியாக இறங்கி உதரவிதானத்தை அடைகிறது. ஆகவே கழுத்தெலும்பில் ஏற்படும் தொல்லை, நெஞ்சின் அடியில் உள்ள தசையை முடக்க முடியும். விலாக்களுக்கு இடையே உள்ள தசைகளுக்கு நரம்புகள் மார்புத் தண்டுவடத்திலிருந்து செல்கின்றன. இருமிச் சளியைத் துப்ப உதவும் வயிற்றுத் தசைகளுக்கும் அதன் கீழ்ப்பகுதியே ஆதாரம்.

ஆக, முதுகெலும்பு மூச்சைத் தடுக்கும் வழிகள் புரிந்துகொள்ளக் கடினமானவை அல்ல. கூட்டின் வடிவம் மாறலாம். கூட்டின் மூட்டுகள் இறுகலாம் அல்லது வலிக்கலாம். தசைகளுக்கு வரும் நரம்பு கெடலாம். அரிதாக, எலும்பு துருத்திக்கொண்டு காற்றுக்குழாயையே நெருக்கலாம்.

ஊதிப் பார்க்கும் சோதனை என்ன சொல்கிறது

ஸ்பைரோமெட்ரி என்ற சோதனையில் ஒரு குழாயை வாயில் வைத்து, முழு மூச்சையும் இழுத்து, வேகமாகவும் கடைசிவரையும் ஊதச் சொல்வார்கள். இதில் இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். மொத்தம் எவ்வளவு காற்றை ஊதினீர்கள் என்பது ஒன்று, அதற்கு எஃப்.வி.சி. என்று பெயர். முதல் ஒரு நொடியில் எவ்வளவு ஊதினீர்கள் என்பது மற்றொன்று; அது எஃப்.இ.வி.1.

ஆஸ்துமாவிலும் சிஓபிடியிலும் காற்றுக்குழாய்கள் குறுகியிருப்பதால் காற்று மெதுவாக வெளியேறுகிறது. முதல் நொடியில் வெளிவரும் பங்கு குறைந்துவிடும். இது அடைப்பு வகை. முதுகெலும்பால் கூடு சுருங்கியவர்களுக்குக் குழாய் திறந்தே இருக்கிறது, ஆனால் உள்ளே கொள்ளும் காற்றே குறைவு. அவர்கள் ஊதும்போது இருக்கிற காற்று சட்டென்று வந்துவிடும். மொத்த அளவு குறைவாகவும், முதல் நொடிப் பங்கு சரியாகவும், சில நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கும். இது சுருக்க வகை. குழாயை விரிக்கும் இன்ஹேலர் இவர்களுக்கு ஏன் உதவுவதில்லை என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது: விரிக்க வேண்டிய அடைப்பு அங்கே இல்லை.

சுருக்க வகை என்று வந்துவிட்டாலே முதுகுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. நுரையீரல் தழும்பு, நுரையீரலைச் சுற்றி நீர், மிகையான உடல் எடை, தசை நோய்கள் எல்லாமே இதே படத்தைக் காட்டும். சரியாக ஊதாவிட்டாலும் அப்படித்தான் தெரியும். நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளக்கும் வேறு சோதனைகள் செய்துதான் உறுதிப்படுத்துவார்கள்.

வருத்தமான விஷயம், பலருக்கு இந்தச் சோதனையே நடப்பதில்லை. இருமலும் இளைப்பும் இருந்தால் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. கனடாவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லியிருந்த பெரியவர்களை முறையாக மறுபடி சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அப்போது ஆஸ்துமா இருப்பதை உறுதிசெய்ய முடியவில்லை. அவர்களுக்கெல்லாம் முதுகுக் கோளாறு என்று பொருள் இல்லை. சோதித்துப் பார்க்காமல் ஒட்டப்பட்ட பெயர் எவ்வளவு எளிதாக நிலைத்துவிடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த ஊதும் கருவி நம்மை ஏமாற்றக்கூடிய இடம் ஒன்றும் இருக்கிறது. 1846-இல் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்திய ஜான் ஹட்சின்சன், 2000-க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, ஒருவர் ஊதும் காற்றின் அளவு அவருடைய உயரத்தைப் பொறுத்தது என்று கண்டார். இன்றும் "உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் இவ்வளவு இருக்க வேண்டும்" என்றுதான் கருவி கணக்கிடுகிறது. முதுகு வளைந்தவரின் உயரமோ குறைந்துபோயிருக்கிறது. ஒரு கணக்குக்காக, நிமிர்ந்திருந்தால் 165 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய பெண்மணி, வளைவால் 150 சென்டிமீட்டர் ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 2.2 லிட்டர் ஊதுகிறார். 150-க்கு எதிர்பார்க்கும் அளவு 2.7 லிட்டர் என்றால் முடிவு 81 விழுக்காடு. "பரவாயில்லை" என்று தோன்றும். 165-க்கு உரிய 3.4 லிட்டரோடு ஒப்பிட்டால் 65 விழுக்காடுதான். இதனால்தான் வளைந்த முதுகு உள்ளவர்களுக்கு உயரத்துக்குப் பதிலாக, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை அளந்து அந்த அளவைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சோதனைக்குப் போகும்போது "கை விரிப்பை அளந்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பக்கவாட்டு வளைவு

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் வளைவின் கோணத்தை அளக்கும் முறை 1948-இல் ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவர் தந்தது. அந்தக் கோணம் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். பெரும்பாலோருக்குக் காரணம் தெரியாது. வளரிளம் பருவத்தில், எந்த வலியும் இல்லாமல் வருவதே அதிகம்.

பக்கவாட்டு வளைவு என்று சொன்னாலும் அது வெறும் வளைவாக நிற்பதில்லை. எலும்புகள் தம் அச்சில் முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றன. முறுக்கும்போது அவற்றோடு ஒட்டிய விலாக்களும் திரும்புகின்றன. ஒரு பக்கம் விலாக்கள் பிதுங்கிப் பின்புறம் மேடு கட்டும். மறுபக்கம் அவை நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சரியாக அசைய முடியாது. தசைகள் தவறான கோணத்திலிருந்து இழுப்பதால் அவற்றின் வலிமையும் வீணாகிறது. மூச்சு சிறியதாகவும் வேகமாகவும் மாறுகிறது. உடற்பயிற்சி செய்யும்போது இது தெளிவாகத் தெரியும்; வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு ஓட முடியாத பிள்ளைக்கு "உடற்பயிற்சி ஆஸ்துமா" என்று பெயர் விழுவது இங்கேதான்.

குழப்பத்தை இன்னும் கூட்டும் ஒன்றும் உண்டு. வளைந்து முன்னே தள்ளிய முள்ளெலும்பு, சில வேளைகளில் நுரையீரலுக்குப் போகும் பெரிய காற்றுக்குழாயை ஒரு பக்கமாக அழுத்திவிடும். அப்போது வீசிங் சத்தமே கேட்கும். ஊதும் சோதனையும் அடைப்பு வகையைக் காட்டும். அது ஆஸ்துமா மருந்துக்கு இளகாது. ஒரே பக்கத்தில் மட்டும் எப்போதும் கேட்கும் வீசிங் என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு வளைந்தால் மூச்சைப் பாதிக்கும்? இதில் பெற்றோரின் பயம் தேவைக்கு மேல் போய்விடுவதுண்டு. 15, 20 பாகை வளைவு மூச்சிரைப்பைத் தராது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் ஆஸ்துமாவையோ ரத்தசோகையையோதான் முதலில் தேட வேண்டும். மார்புப் பகுதி வளைவு 50 பாகையைத் தாண்டும்போது சோதனையில் குறைவு தெரியத் தொடங்கலாம். 100 பாகையை நெருங்கும் வளைவில் மூச்சுச் செயலிழப்பு உண்மையான ஆபத்து. கோணம் மட்டுமே கதையும் இல்லை. எத்தனை முள்ளெலும்புகள் வளைவில் சிக்கியிருக்கின்றன, வளைவு எவ்வளவு மேலே இருக்கிறது, மார்பு முதுகின் இயல்பான பின்வளைவு தட்டையாகிவிட்டதா என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வளைவு தொடங்கிய வயது. நுரையீரலின் காற்றறைகள் பிறந்த பிறகும் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளில் நடக்கிறது. அந்த நேரத்தில் கூடு குறுகினால் நுரையீரல் வளர இடமே கிடைக்காது. 14 வயதில் தொடங்கிய வளைவுக்கும் 3 வயதில் தொடங்கிய வளைவுக்கும் கோணம் ஒன்றாகவே இருந்தாலும் எதிர்காலம் வேறு. சின்னக் குழந்தையின் முதுகு கோணலாகத் தெரிந்தால் "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

வீட்டிலேயே பார்க்க முடிந்த சோதனை ஒன்று இருக்கிறது. வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1865-இல் விவரித்தது. பிள்ளையை வெற்று முதுகோடு, கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மேடாக எழுந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூனும், சத்தமில்லாமல் நொறுங்கும் எலும்பும்

முதுகு முன்னோக்கி வளைவது கூன். உதரவிதானத்துக்கு மேலே கூன் விழுந்தவர்களுக்கு மூச்சுத் தொல்லை வரும் என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ எழுத்துகளிலேயே குறிப்பு இருக்கிறது. இவ்வளவு பழைய அறிவு இன்றைய அவசர ஓட்டத்தில் தவறிப்போவது வேதனை.

வயதான பெண்களிடம் கூன் விழ மிக முக்கியமான காரணங்களில் ஒன்று எலும்புப்புரை நோய். எலும்பு உள்ளே பஞ்சுபோல் ஆகி, முள்ளெலும்பின் முன்பகுதி அமுங்கி ஆப்பு வடிவமாகிறது. கீழே விழத்தான் வேண்டும் என்பதில்லை. குனிந்து ஒரு பொருளைத் தூக்கினாலும் பலமாக இருமினாலும் போதும். இப்படி அமுங்கும் எலும்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போகின்றன. "முதுகு பிடித்துக்கொண்டது" என்று தைலம் தடவி நாட்களைக் கடத்திவிடுவார்கள். பிறகு உயரம் குறையும், சட்டை முன்புறம் தொங்கும், தலை முன்னே தள்ளும். விலாக்கள் இடுப்பெலும்பை நோக்கி இறங்கி வயிற்றை அழுத்தும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், நெஞ்செரிச்சல் வரும், குனிந்தால் மூச்சு முட்டும். மார்பு முள்ளெலும்பு ஒன்று அமுங்கினால் ஊதும் காற்றின் அளவு, எதிர்பார்க்கும் அளவில் ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. இரண்டு மூன்று எலும்புகள் அமுங்கினால் என்னாகும் என்று பாருங்கள்.

இங்கே ஒரு கொடிய சுழல் இருக்கிறது. சிஓபிடி நோயாளிகளுக்கு எலும்புப்புரை வரும் வாய்ப்பு அதிகம்: புகைப்பழக்கம், நடமாட்டக் குறைவு, உடல் மெலிவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரையாகத் தொடர்ந்து எடுக்கும்போது முதல் சில மாதங்களிலேயே எலும்பு முறியும் வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது. எலும்பு அமுங்குகிறது, மூச்சிரைப்பு கூடுகிறது. "நோய் முற்றிவிட்டது" என்று இன்னொரு சுற்று ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது. எலும்பு இன்னும் நலிகிறது. நுரையீரலுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே அமுங்கிய முள்ளெலும்பு தெரிந்துகொண்டிருக்கும். நுரையீரலை மட்டும் பார்த்தவர் கண்ணில் அது படாமல் போயிருக்கும். பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரையோ ஸ்டீராய்டையோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. வழக்கமான அளவில் இழுக்கும் ஸ்டீராய்டு, மாத்திரையைப்போல எலும்பைத் தின்பதில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இவ்வளவு நாளாக ஸ்டீராய்டு எடுக்கிறேன், என் எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்கலாமா, எலும்பைக் காக்க மருந்து வேண்டுமா?"

இளமையில் இருந்த உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகைப் படமெடுத்துப் பார்ப்பது நல்லது. சுவரோடு குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்ப்பதும் எளிய வழி. தொடாமல் இடைவெளி விழுந்தால் மேல்முதுகு வளைந்திருக்கிறது என்று பொருள்.

இறுகிப்போகும் முதுகு

அடுத்து வரும் நோய் இளைஞர்களுடையது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோய் பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குகிறது. இடுப்பின் பின்புற மூட்டுகளில் ஆரம்பித்து முதுகெலும்பில் மேலேறும். நாளடைவில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். விலா மூட்டுகளையும் அது விடுவதில்லை. நெஞ்சு விரியாது, தும்மினாலும் இருமினாலும் விலாவில் குத்தும், நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் இறுக்கம். 25 வயது இளைஞர் இந்த இறுக்கத்தோடு வந்தால் ஆஸ்துமா என்றோ பதற்றம் என்றோ நினைப்பது வியப்பில்லை.

முதுகுவலியின் குணத்தைக் கேட்டால் குட்டு உடையும். சாதாரண முதுகுவலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இது தலைகீழ். பின்னிரவில் வலித்து எழுப்பும், காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கும், நடமாட நடமாட இளகும். சிலருக்குக் கண் சிவந்து வலிக்கும் அழற்சியும் வந்திருக்கும். நெஞ்சின் விரிவை அளவுநாடாவாலேயே அளக்கலாம். மார்புக்காம்பு மட்டத்தில் நாடாவைச் சுற்றி, முழுவதும் மூச்சை வெளியே விட்டபோதும் முழுவதும் இழுத்தபோதும் அளந்து, வித்தியாசத்தைப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நெஞ்சு இறுகியிருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

நெஞ்சு இறுகினாலும் உதரவிதானம் கைகொடுப்பதால் இவர்களில் பலர் ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள். ஆகவே இந்த நோயாளிக்கு மூச்சிரைப்பு அதிகமாக இருந்தால் இறுகிய நெஞ்சின்மேல் மட்டும் பழிபோட்டுவிட முடியாது. இதய வால்வையும் நுரையீரலையும் பார்த்தாக வேண்டும். இந்த நோயில் அரிதாக நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பு விழும். எக்ஸ்ரேயில் அது காசநோய்போலவே தெரியும். சளியில் கிருமி இல்லாமலே காசநோய் மருந்து தொடங்கிவிடும் வாய்ப்பு இங்கே உண்டு. முறையான மருந்தும் அன்றாட உடற்பயிற்சியும் இந்த நோயை நன்றாகக் கட்டுப்படுத்தும் என்பதால்தான் ஆண்டுக்கணக்கில் தாமதமாவது பொறுக்க முடியாததாக இருக்கிறது.

கழுத்திலிருந்து வரும் மூச்சுத்திணறல்

நான் மேலே சொன்ன பிரெனிக் நரம்பு இங்கே வருகிறது. கழுத்தெலும்புத் தேய்மானம், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்குவது, கட்டி, காயம் ஆகிய எதுவும் 3 முதல் 5 வரையிலான நரம்பு வேர்களையோ அந்த மட்டத்தில் தண்டுவடத்தையோ அழுத்தினால் உதரவிதானம் பலவீனமாகும். இது அடிக்கடி நடப்பதில்லை. கழுத்துவலி உள்ளவர்கள் பயந்துவிட வேண்டாம். ஆனால் நடக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் இது இதய நோயைப்போல வேடமிடுகிறது.

உதரவிதானத்தின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தால் பலருக்குத் தொல்லையே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் மேலேறி நிற்பது தெரியவரும். இரண்டு பக்கமும் பலவீனமானால் மல்லாந்து படுத்த உடனேயே மூச்சு முட்டும். நிற்கும்போது வயிற்று உறுப்புகள் தம் எடையால் கீழே இறங்கி உதவுகின்றன. படுத்தால் அவை மேலே தள்ளிக்கொண்டு வருகின்றன, தடுக்கும் வலிமை தசைக்கு இல்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கினாலும் இதேபோல் திணறும். இந்தத் தண்ணீர் விஷயத்தை நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழும்பாமல் உள்ளே ஒடுங்கினால் அதுவும் அடையாளம்.

இதய எக்கோ சரியாக இருந்தும் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றால், ஊதும் சோதனையை உட்கார்ந்தும் படுத்தும் இருமுறை செய்யச் சொல்லலாம். நலமானவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. படுத்தபோது 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்தால் உதரவிதானத்தைச் சந்தேகிக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் அந்தத் தசை அசைவதை நேரடியாகவே பார்க்க முடியும். இதோடு சட்டைப் பொத்தான் போடக் கைவிரல்கள் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை இருந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாகலாம்; கழுத்து எம்ஆர்ஐ தாமதிக்கக் கூடாது. உதரவிதானம் பலவீனமாக வேறு நரம்பு, தசை நோய்களும் காரணமாகலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரின் பங்கு இங்கே அவசியம்.

வலியால் நிற்கும் மூச்சு

விலா மூட்டு பிசகினாலோ மார்புப் பகுதி டிஸ்க் நரம்பை அழுத்தினாலோ ஆழமாக மூச்சிழுக்கும்போது குத்தும். வலிக்குப் பயந்து சின்னச்சின்ன மூச்சாக விடுவார்கள். அதையே "மூச்சு விட முடியவில்லை" என்று சொல்வார்கள். "மூச்சு போதவில்லையா, வலி தடுக்கிறதா?" என்று கேட்டாலே பாதி தெளிவாகிவிடும். உடலைத் திருப்பினால் வலிப்பதும், முதுகெலும்பை ஒட்டி ஓரிடத்தில் அழுத்தினால் அதே வலி வருவதும் மூட்டைச் சுட்டும். எனினும் நுரையீரல் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்தாலும், நுரையீரல் உறை வீங்கினாலும் இப்படித்தான் குத்தும். அழுத்தினால் வலிக்கிறது என்பதால் மட்டும் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. புதிதாக வந்த குத்தலை மருத்துவர் பார்க்காமல் "வாயு" என்று விட்டுவிடாதீர்கள்.

அரிய காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குக் கழுத்தெலும்பின் முன்புறம் எலும்பு வளர்ந்து தொண்டையை நெருக்கும் ஒரு நோய் உண்டு. உணவு விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சிழுக்கும்போது கரகரப்பு வரும். மண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் சிறுமூளையின் அடிப்பகுதி கீழே இறங்கி நிற்கும் கியாரி குறைபாட்டில் தூக்கத்தில் மூச்சு நின்றுநின்று வரலாம். இருமினால் பின்னந்தலை வலிப்பது அதன் குறிப்பு. மார்பு முதுகு இயல்பான வளைவை இழந்து தட்டையாகிவிட்டால், மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உள்ள இடம் குறுகி, மூச்சுக்குழாய் நெரிபடவும் கூடும்.

மருத்துவரிடம் போகும்போது

எந்த நிலையில் மூச்சு முட்டுகிறது என்று கவனித்து எழுதிக்கொண்டு போங்கள். படுத்தாலா, குனிந்தாலா, தண்ணீரில் இறங்கினாலா, ஏறும்போது மட்டுமா? இரவிலும் அதிகாலையிலும் இருமலோடு வந்து போய், தூசியாலும் சளியாலும் கூடி, இன்ஹேலரால் குறைந்தால் அது ஆஸ்துமாவின் குணம். நாளெல்லாம் ஒரே அளவில் இருந்து, இன்ஹேலரால் துளியும் மாறாமல், படுப்பது, நிற்பது, குனிவது என்று உடலின் நிலையை மாற்றினால் மட்டும் மாறினால் முதுகைப் பற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துச் செல்லுங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய முதுகோடு ஒப்பிட அதைவிட நல்ல சான்று கிடையாது.

திடீரென்று வந்த மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, மயக்கம், நெஞ்சில் பாரம், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குவது, கைகால் திடீரென்று தளர்வது ஆகிய எதற்கும் காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்போது முதுகைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்து மாறும். வளரும் குழந்தையின் வளைவுக்கு முதுகைத் தாங்கும் பட்டையோ (பிரேஸ்) அறுவையோ, எலும்புப்புரைக்கு மருந்து, தண்டுவட அழுத்தத்துக்கு அறுவை. எல்லோருக்கும் பொதுவாக உதவுவது மூச்சுப் பயிற்சியும் சளியை வெளியேற்றப் பழகுவதும்; இதற்கு நல்ல பிசியோதெரபிஸ்ட் பெரும் துணை. முதுகுவலிக்கென்று கடையில் வாங்கிய இறுக்கமான பெல்ட்டை நெஞ்சைச் சுற்றி நாள்முழுதும் கட்டிக்கொள்வது மூச்சை இன்னும் குறைக்கும்.

கடைசியாக, ஆக்ஸிஜன் பற்றி. முதுகெலும்பால் மூச்சு குறுகியவர்களுக்குத் தொல்லை முதலில் தூக்கத்தில்தான் தொடங்கும். கரியமில வாயு முழுமையாக வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, மனம் ஒன்றாமை எல்லாம் அதன் விளைவு. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பகலில் 95 காட்டும்போதே இது நடந்துகொண்டிருக்கலாம், ஏனெனில் அந்தக் கருவி கரியமில வாயுவை அளப்பதில்லை. இவர்களுக்கு வீட்டில் ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் ஏறி மயக்கத்தில் தள்ளிவிடலாம். தூக்க மாத்திரையும் அதையே செய்யும். இவர்களுக்கு வேண்டியது ரத்தவாயுப் பரிசோதனையும் தூக்கப் பரிசோதனையும், தேவைப்பட்டால் இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தந்து நெஞ்சை விரிக்கும் பைபாப் கருவியும். மருத்துவர் அளவு சொல்லாமல் ஆக்ஸிஜன் சிலிண்டரையோ செறிவூட்டியையோ இவர்களுக்கு வைக்காதீர்கள்.